மணியில்லாத கயிறு

ஐம்பத்தெட்டாவது லூப் ஓடுகிறது, டப்பிங்குக்காக வெட்டிய அறுபத்தொரு துண்டுகளில் ஒன்று. அறுபத்தொன்றுக்கு இன்னும் மூன்றுதான் பாக்கி. அதற்குள் நான் வாயைத் திறந்தாக வேண்டும், திறக்க மாட்டேன் என்பது எனக்கே தெரியும். ஐந்து மாதமாக இந்த டப்பிங் ஸ்டுடியோவில் இந்த சோபாவின் இதே ஓரத்தில், ஏசி காற்று நேராகப் பிடரியில் விழும் இதே இடத்தில் உட்கார்ந்து வசனம் எழுதுகிறேன், இடம் மாற்றிக்கொள்ளலாமா என்றுகூடக் கேட்டதில்லை. துப்பட்டாவை இழுத்துக் கழுத்தில் சுற்றிக்கொள்வேன், அவ்வளவுதான். எனக்கு முன்னால் சவுண்ட் இன்ஜினியர் ஜெபராஜ் அண்ணாவின் முதுகு. அவருக்குப் பக்கத்தில் சுழல் நாற்காலியில் டப்பிங்கை நடத்துகிற பத்ரி சார், எப்போதும் போல ஒரு காலை மட்டும் செருப்பிலிருந்து வெளியே எடுத்து ஆட்டியபடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மைக்குக்கு முன்னால், நெற்றி நிறைய விபூதியோடு வல்லியம்மா. ஐம்பத்தெட்டு வயது, தமிழ்நாட்டில் டிவி பார்த்து வளர்ந்த எவரும் அந்தக் குரலைச் சின்னப் பையனாகவோ அணிலாகவோ கேட்டிருப்பார்கள். இன்று முயல். "பத்ரி, இந்த முயலுக்கு என்னப்பா வயசு?" "ஆறு மாசம் இருக்கும்மா." "அப்போ எனக்கு ஐம்பத்தேழரை வருஷம் தள்ளுபடி, போடு." எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது காதுமடல் இரண்டும் சூடாக இருப்பது தெரிந்தது. எனக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது, காதுதான் சுடும்.

திரையில் சின்ன முயல் கோபுரத்தின் படியில் ஏறுகிறது. பென்சிலால் வரைந்த முயல். ஏதோ குளிரான தேசத்தில் எண்பது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒவ்வொரு தாளாக உட்கார்ந்து வரைந்தது. அவர்கள் பெயர்கள் கடைசியில் வருகின்றன, எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில். ஏழு நிமிடப் படம். இரண்டு குன்று, நடுவில் ஒரு மணிக்கூண்டு, இரண்டு குன்றிலும் முயல்கள். ஒருநாள் காற்று கொஞ்சம் திசை மாறி மணிச்சத்தம் ஒரு குன்றுக்கு அதிகமாகக் கேட்கிறது, மற்றதற்குக் குறைவாக. அவ்வளவுதான் காரணம். மணியைத் திருட்டுத்தனமாகத் திருப்பி வைக்கிறார்கள், இவர்கள் திருப்புகிறார்கள், அவர்கள் திருப்புகிறார்கள், மணி இரண்டாக உடைகிறது. ஆளுக்குப் பாதியை எடுத்துப்போய் உருக்கிப் பீரங்கி வார்க்கிறார்கள். பிறகு குண்டுகள், பிறகு புகை, புகை விலகும்போது குன்றுகளில் காதுகள் மட்டும், புல் மாதிரி, அசையாமல். மிஞ்சியது ஒரு குட்டி. அது கூண்டில் ஏறுகிறது. செத்தவர்களுக்கு மணியடிக்க. மணி இல்லை, கயிறு மட்டும் தொங்குகிறது. கயிற்றை இழுக்கிறது. இழுக்கிறது. படம் முழுக்க வந்துகொண்டிருந்த இசைகூட அங்கே நின்றுவிடுகிறது. நாற்பத்திரண்டு வினாடி ஒன்றுமே இல்லை. அந்த நாற்பத்திரண்டில் ஒரே ஒரு தடவை குட்டி வாயைத் திறக்கிறது. ஏழு நிமிடத்தில் ஒரு வாய் அசைவது அங்கே மட்டும்தான். சத்தம் இல்லை. முதல் தடவை பார்த்தபோது என் கணினியில்தான் ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்து ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். எண்பது வருடத்துக்கு முன்னால் அதை வரைந்த ஆள் நான் இப்படிச் செருகிப் பார்ப்பதைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பான், பென்சிலைக் கீழே வைத்திருப்பானா, இல்லை, சரியாகத்தான் வரைந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பானா. பேச்சே இல்லாத படம். அதற்கு அறுபத்தொரு லூப் வசனம் எழுதியிருக்கிறேன் நான். இளவேனி, பி.எஸ்சி. விஷுவல் கம்யூனிகேஷன், முதல் வகுப்பு.

ஏனென்றால் பத்ரி சாருக்கு ஒரு விதி இருக்கிறது, படத்தைப் போடப்போகிற குழந்தைகள் சேனலுக்கும் அதே விதி. மூன்று வினாடிக்கு மேல் சத்தமில்லாமல் இருந்தால் குழந்தை ரிமோட்டைத் தேடும். ஆகவே முயல் நடந்தால் "ஹப்பா, கால் வலிக்குதே", முயல் திரும்பினால் "அட, யாரது?", முயல் சும்மா நின்றால் "சும்மா நிக்கிறேன்பா". வாய் அசையாவிட்டால் என்ன, முதுகு காட்டும்போது பேசவை, புகைக்குள் பேசவை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொன்னார், "வேனி, காலி இடம் கண்ணில் பட்டா நம்ம வேலை பாக்கி இருக்குன்னு அர்த்தம்." நான் நன்றாக எழுதினேன். அதுதான் தாங்க முடியவில்லை. மோசமாக எழுதியிருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. ஒரு குன்றுத் தலைவன் மதுரைப் பேச்சு, இன்னொருவன் கோயம்புத்தூர்ப் பேச்சு, "ஏனுங், குண்டு போடட்டுங்ளா?", ஸ்டுடியோவே விழுந்து விழுந்து சிரித்தது. குண்டுகள் விழுகிற இடத்தில், முப்பத்தாறாவது லூப், ஒரு முயல் வானத்தைப் பார்க்கிறது, அடுத்த காட்சியில் அது இல்லை. நான் எழுதியது: "ஐ! இந்த வருஷம் தீபாவளி சீக்கிரமாவே வந்துடுச்சு!" பத்ரி சார் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றி என்னைப் பார்த்தார். "யாரு, நம்ம ஊமைக்கோட்டானா எழுதுச்சு இதை?" ஐந்து மாதத்தில் முதல் பாராட்டு. இரண்டு நாள் பஸ்ஸில் அதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டு போனேன். விடுதியில் பக்கத்துக் கட்டில் பெண்ணிடம்கூடச் சொன்னேன். பேசவே பேசாத நான்.

"ரெடிம்மா, ஐம்பத்தொன்பது." வல்லியம்மா பிளாஸ்கிலிருந்து மிளகு வெந்நீர் ஒரு வாய் குடிக்கிறார். ஜெபராஜ் அண்ணா விரலை உயர்த்துகிறார். "ஹப்பா... எத்தனை படி! நான் என்ன முயலா, குரங்கா?" டேக் ஓகே. இதுவும் நான் எழுதியதுதான், செத்தவர்களுக்காகப் படியேறுகிற குட்டிக்கு. இன்று மதியம்வரை எனக்கும் இது ஓகேயாகத்தான் இருந்தது. மதியம் டீக்கடைக்குப் போனேன். எங்கள் ஸ்டுடியோவின் பக்கத்து அறையில் ஒரு செய்தி சேனலுக்கு கிராஃபிக்ஸ் செய்கிறார்கள், அங்கே வேலை பார்க்கிற ஹரீஷும் டீ குடித்துக்கொண்டிருந்தான். கடை டிவியில் போர். எங்கேயோ தூரத்தில் நிஜமான போர், போன வாரம்வரை அந்த ஊரின் பெயரைச் செய்தி வாசிப்பவருக்குச் சரியாகச் சொல்லக்கூடத் தெரியாது. வரைபடத்தில் சிவப்பு அம்பு வளைந்து போகிறது, கார்ட்டூன் விமானம் ஒன்று வாலை ஆட்டுகிறது, கார்ட்டூன் குண்டு விழுகிறது, டமார். அந்த டமார் எனக்குத் தெரியும். இரண்டு அறைக்கும் பொதுவான எங்கள் சர்வரில் இருக்கிற சத்தம், கடைசியில் கண்ணாடி உடைவது மாதிரி ஒரு சின்ன வால் அதற்கு, முயல் படத்தில் பதினோரு தடவை போட்டிருக்கிறோம். பிறகு ஒரு நிஜமான கட்டடம், மாடி மாடியாக உட்கார்ந்து இறங்குகிறது, ஒரு பால்கனியில் துணி காய்ந்துகொண்டிருக்கிறது. அதற்குக் கீழே பெரிய மஞ்சள் எழுத்து துள்ளித் துள்ளி வருகிறது: இந்த வருஷம் தீபாவளி சீக்கிரமாவே வந்துடுச்சு! கடையில் ஒருவர் "அடி சக்கை" என்றார். ஹரீஷ் என் தோளை இடித்தான். "வேனி, பாத்தியா? உன் டயலாக்! சுவரு வழியா கேட்டுது, தூக்கிட்டேன். சீஃப் செம ஹேப்பி. ட்ரீட் நான் குடுக்கணுமா, நீ குடுக்கணுமா?" டீ கிளாஸை வைத்துவிட்டு, பாதி டீ, வந்துவிட்டேன். பதில் இப்போது வருகிறது, ஒன்றன் பின் ஒன்றாக, அந்தத் துணி யாருடையது ஹரீஷ், ஒரு சின்ன நீல பாவாடை இருந்ததே பார்த்தாயா. ஆனால் ஹரீஷிடம் மட்டும் ஏன் கோபப்பட வேண்டும், அவன் எடுத்துப்போனான், செய்து வைத்தது யார். சுவருக்கு இந்தப் பக்கம் முயலுக்கு ஆனது அந்தப் பக்கம் மனிதர்களுக்கும் ஆயிற்று, ஓர் எழுத்துக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை, துள்ளுகிற மஞ்சள் மட்டும் சேர்த்தால் போதுமாக இருந்தது.

அறுபது. "கயிறு இருக்கு, மணி எங்கே? டிங் டாங், எங்கே போனே?" சேனல் இந்தப் படத்துக்கு வைத்திருக்கிற பெயர் டிங் டாங் முயல்கள், அதனால் டிங் டாங் எங்காவது வர வேண்டும். அடுத்தது அறுபத்தொன்று. தாள் என் மடியில் இருக்கிறது, நேரம், பாத்திரம், வசனம் என்று மூன்று கட்டம், மூன்றாவது கட்டத்தில் என் கையெழுத்து, குண்டு குண்டாக, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய கையெழுத்து. "ஹையா! சண்டை முடிஞ்சிருச்சு! நாமதான் ஜெயிச்சோம்! வாங்க எல்லாரும், கேரட் அல்வா சாப்பிடலாம்!" எல்லாரும் என்றால் யார். யார் இருக்கிறார்கள் அங்கே வருவதற்கு. ஜெயிச்சோம். இதை எழுதப் பதினோரு நிமிடம் ஆயிற்று, 'ஹையா'வின் 'யா' குட்டி வாய் திறக்கிற இடத்தில் சரியாகப் போய் உட்கார்ந்ததும் எவ்வளவு சந்தோஷப்பட்டேன், திறந்த வாய் ஒன்று கிடைத்தது, அடைத்துவிட்டேன். திறந்த வாய். இங்கேதான் மதியத்திலிருந்து மனம் மாட்டிக்கொண்டு நிற்கிறது, எத்தனை தடவை இழுத்தாலும் இந்த இடத்துக்கே வருகிறது, பள்ளிக்கூட மைதானம், குடியாத்தத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர், எனக்கு ஒன்பது வயது. குணசீலன் சித்தப்பாவைப் பெட்டியில் கொண்டுவந்திருந்தார்கள், எல்லையிலிருந்து, கொடி போர்த்தி. பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எங்களையெல்லாம் வரிசையாக நிறுத்திக் கையில் காகிதக் கொடி கொடுத்திருந்தார்கள், வெயிலில் சாயம் உள்ளங்கையில் ஒட்டியது. சிப்பாய்கள் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள், மூன்று தடவை, நான் காதைப் பொத்திக்கொண்டேன். மூன்றாவது வெடி போன பிறகு மைதானத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு காக்கைகூட இல்லை, எல்லாம் பறந்துபோயிருந்தன. அப்போது தெய்வானைச் சித்தி, கல்யாணமாகி ஒன்றரை வருடம், பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவள், வாயைத் திறந்தாள். நான் பார்த்தேன். எனக்கு நேர் எதிரே நின்றாள். வாயைத் திறந்தாள், உடனே மைக் வைத்திருந்த ஆள், உள்ளூர்க் கட்சிக்காரர், வெள்ளைச் சட்டை அக்குளில் நனைந்திருந்தது, அந்தச் சும்மா இருப்பதைத் தாங்க முடியாமல், ஆமாம், தாங்க முடியாமல்தான், "வீரவணக்கம்!" என்று கத்தினார். "பிள்ளைங்களா, சத்தமா! பக்கத்து ஊருக்குக் கேக்கணும்!" நாங்கள் கத்தினோம். நான் கத்தினேன். எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் யாரும் என்னைக் கத்தவிட்டதில்லை, பெண் பிள்ளை மெதுவாகப் பேசு, அன்றைக்கு முதல் தடவையாகப் பெரியவர்களே கத்தச் சொன்னார்கள், தொண்டை கிழியக் கத்தினேன், பக்கத்திலிருந்தவளைவிடச் சத்தமாக. சித்தியின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. என்ன சொன்னாள்? அவர் பெயரையா, கெட்ட வார்த்தையா, பெட்டியைத் திறங்க என்றா? பதினைந்து வருடமாயிற்று. சித்திக்குத் தாலுகா ஆபீசில் வேலை கொடுத்தார்கள், தினம் பஸ்ஸில் போய் வருகிறாள், தீபாவளிக்கு எனக்குச் சுடிதார்த் துணி எடுத்துத் தருகிறாள், இப்போது போட்டிருப்பதுகூட அதுதான். அன்றைக்கு என்ன சொன்னாய் சித்தி என்று நான் கேட்டதே இல்லை. கேட்டால், நீ எங்கே கேட்டாய், நீதான் கத்திக்கொண்டிருந்தாயே என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். அவள் பார்த்தாளா என்னை. எதிரேதானே நின்றாள்.

"லாஸ்ட் லூப், அறுபத்தொண்ணு. அம்மா, நல்லா துள்ளலா வேணும், படம் இதோட முடியுது," என்கிறார் பத்ரி சார். கண்ணாடிக்குப் பின்னால் வல்லியம்மா தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோகிறார். வேண்டாம் என்கிறேன். யாருக்கும் கேட்கவில்லை, எனக்கே கேட்கவில்லை, உதடு மட்டும் அசைந்திருக்கும். ஜெபராஜ் அண்ணாவின் விரல் மேலே போகிறது. எழுந்தேன். எழுந்தது தெரியும், தரைவிரிப்பு வெறுங்காலில் ஈரமாக இருந்தது தெரியும், அதற்குப் பிறகு என் கை அவர் தோளுக்கு மேலாகப் போய், யாரும் தொடக் கூடாத அந்தச் சிவப்புப் பொத்தானை, கண்ணாடிக்கு உள்ளே இருப்பவர்களோடு பேசுகிற பொத்தானை, அழுத்திக்கொண்டிருக்கிறது. "வல்லிம்மா." தவளை மாதிரி ஒரு குரல். "வசனம் வேண்டாம்மா." பத்ரி சாரின் ஆடுகிற கால் நின்றது. "என்னம்மா பண்றே? கையை எடு." "வசனம் வேண்டாம் சார். அங்க யாரும் ஜெயிக்கல." "ஏம்மா, அது முயலும்மா." "முயல்தான் சார்." "முயலுக்கு என்ன இப்போ, மௌன அஞ்சலியா?" "ஆமா சார்." அவர் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "நாலு மணிக்கு சேனலுக்கு அனுப்பணும். நாப்பத்திரண்டு செகண்ட் வெத்தா போச்சுன்னா ஆடியோ மிஸ்ஸிங்னு அப்படியே திருப்பி அனுப்புவான். அஞ்சு மாசமா வாயைத் திறக்காத பொண்ணு, இன்னைக்குன்னு பார்த்துத் திறக்கறியே. நீதானே எழுதுனே இதை?" "நான்தான் சார். தப்பா எழுதிட்டேன். முப்பத்தாறும் தப்பு. அந்தத் தீபாவளி. அதையும் எடுத்துருங்க." "சிரிப்பு டயலாக்கும்மா அது, எல்லாரும் சிரிச்சாங்க." "அதனாலதான் சார்." பொத்தானில் விரல் சறுக்கிச் சறுக்கி, கண்ணாடிக்கு உள்ளே எங்கள் பேச்சு விட்டு விட்டுக் கேட்டிருக்க வேண்டும். ஹெட்போனைக் காதில் அழுத்தியபடி வல்லியம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபராஜ் அண்ணா திரும்பாமலேயே, முதுகாலேயே பேசுகிறவர் மாதிரி, மெதுவாகச் சொன்னார்: "சார், சவுண்ட் மீட்டர் அசைஞ்சா போதும், அவங்க செக் பண்றது அதைத்தான். வசனம்தான் இருக்கணும்னு இல்ல." "பின்ன என்ன இருக்கணும்?" ஸ்பீக்கரில் வல்லியம்மாவின் குரல் வந்தது, முயல் இல்லாத, சின்னப் பையன் இல்லாத குரல், கரகரப்பாக, நான் இதுவரை கேட்டேயிராதது: "நான் மூச்சு விடறேன்பா. முப்பது வருஷமா இந்த மைக்கு முன்னாடி மூச்சு விடாதே, மூச்சு விடாதேன்னுதானே திட்டுவீங்க. இன்னைக்கு ஒருநாள் விடறேனே."

பத்ரி சார் நெற்றியைத் தேய்த்தார். "சரி. இது ஒண்ணு எடுங்க. எழுதின டயலாக்கையும் ஒரு டேக் எடுத்து வெச்சுப்போம், எது போறதுன்னு நான் பாத்துக்கறேன்." "அதைப் பேச மாட்டேன் பத்ரி," என்றது ஸ்பீக்கர். "தொண்டை சரியில்ல." "இப்போ வரைக்கும் நல்லாத்தானே இருந்துது?" "இப்போதான் கட்டிக்கிச்சு." அவர் என் பக்கம் திரும்பினார். "சேனல்லருந்து கேட்டா நான் யார் பேரைச் சொல்றது?" "என் பேரைச் சொல்லுங்க சார்." "வேலை போகும்மா." அது எனக்கும் தெரிந்துதான் இருந்தது, விடுதி, அப்பாவின் முகம், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. மடியிலிருந்து விழுந்த தாளை எடுத்து, மூன்றாவது கட்டத்தில் இருந்ததை அடித்தேன், தாள் கிழிகிற அளவுக்கு, அடியில் 'மூச்சு' என்று எழுதி அவரிடம் நீட்டினேன். பிறகு முப்பத்தாறாவது தாளைத் தேடி எடுத்து அதையும். அவர் வாங்கிக்கொண்டார். ஜெபராஜ் அண்ணா விளக்கைக் குறைத்தார். குட்டி கூண்டுக்குள் வந்துவிட்டது. கயிற்றை எம்பிப் பிடிக்கிறது. ஸ்பீக்கரில் வல்லியம்மா மூச்சு விடுகிறார், நடித்த மூச்சு இல்லை, படியேறி வந்த வயதான ஒருத்தியின் மூச்சு, உள்ளே எங்கோ சளி உரசுகிறது, மீட்டரில் பச்சைக் கோடு ஒன்று எழுந்து படுக்கிறது, எழுந்து படுக்கிறது. பத்து. பதினைந்து. கயிறு மேலே போகிறது, கீழே வருகிறது. பக்கத்து அறையில் ஏதோ வெடித்தது, சுவர் வழியாக மெல்லிசாக, அந்தக் கண்ணாடி வாலோடு. இருபத்தைந்து. எனக்குக் கோபம் குறையவில்லை, காது எரிந்துகொண்டுதான் இருக்கிறது. முப்பது. முப்பத்தொன்றில் குட்டி வாயைத் திறந்தது, உள்ளே வல்லியம்மா மூச்சை நிறுத்திவிட்டார். பச்சைக் கோடு படுத்தது, எழவில்லை. ஜெபராஜ் அண்ணாவின் விரல் எதையோ தேடி நகர்ந்தது, பத்ரி சாரின் நாற்காலி கிறீச்சிட்டது, இந்தச் சும்மா இருப்பதை என்னாலும் தாங்க முடியவில்லை, அன்று மைதானத்தில் மைக் வைத்திருந்தவரைப் போல, ஏதாவது சொல், எதையாவது, நாக்கு மேலண்ணத்தில் முட்டிக்கொண்டு நின்றது. பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டேன். எதிரே சித்தி வாயைத் திறந்தாள். இந்தத் தடவை நான் கத்தவில்லை.